குறைத்துச் சொல்லக் கற்றுக்கொடுத்த பாடம் பற்றி

லியூட்டோமர் மலைச்சரிவு
நவம்பர், அனைத்துப் புனிதர் நாள் கழிந்த செவ்வாய்க்கிழமை

'இலையுதிர்' மாத இதழின் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்மேன் லூத்விக் கோசி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் என் கோழிகளும் இங்கே நலம். தாங்களும் அலுவலகத்தாரும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். நலமில்லாதவர்களால் மாதம் தவறாமல் இதழ் அனுப்ப முடியாது. ஜூலை இதழ் ஆகஸ்டில் வந்ததைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. மூட்டுவலிக்கு முட்டைக்கோஸ் இலை கட்டுவது பற்றிய தங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. கட்டிப் பார்த்தேன். வலி போகவில்லை, ஆனால் கட்டுரை நன்றாக இருந்தது.

இந்தக் கடிதம் வேறு விஷயமாக. தங்கள் இதழில் 'ஓய்வூதியருக்கு ஆங்கிலம்' என்ற பகுதியைப் பேராசிரியை ஹ்லாத்னிக் எழுதி வருகிறார். பிப்ரவரி இதழில் அவர் எழுதிய பாடத்தின் தலைப்பு, 'குறைந்த அளவுகளையும் குறைந்த தன்மைகளையும் சொல்வது எப்படி'. அந்தப் பாடத்தால் என் வீட்டு மேல்மாடி காலியாகக் கிடக்கிறது, இனியும் கிடக்கும் போலிருக்கிறது. அதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். அச்சுப்பிழை ஒன்றும் இல்லை. பாடம் முழுவதும் சரி. சரியாக இருந்ததுதான் தொல்லை.

நான் யாரிடமும் உட்கார்ந்து எதையும் கற்றுக்கொண்டவன் அல்ல. வானொலி பழுது பார்ப்பது, திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வது, இந்த வீட்டுக்கு மின்கம்பி இழுப்பது எல்லாம் நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. சமையலறை விசையைத் தட்டினால் கோழிக்கூட்டில் விளக்கு எரியும் என்பது உண்மைதான், ஆனால் எரிகிறது. ஆங்கிலத்தையும் அப்படித்தான் கற்றேன். என் ஒரே மகள் தார்யா மரிபோர் நகரத்தில் பள்ளி ஆசிரியை. அவள் கணவன் வேட் அமெரிக்காவில் ஒக்லஹோமாக்காரன், கணினியில் வேலை, அதை எங்கே உட்கார்ந்து வேண்டுமானாலும் செய்யலாமாம். நல்ல பையன், வாசற்படியில் தலையை இடித்துக்கொள்ளும் உயரம், நம் மொழியில் நாலைந்து சொல் தெரியும், எல்லாம் சாப்பாட்டுப் பெயர்கள். அவர்களுக்கு சாலா என்று இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ள வேண்டுமானால் இருவரில் ஒருவர் படித்தாக வேண்டும். அவன் படிப்பான் என்று காத்திருந்தால் நான் கல்லறைக்குப் போயிருப்பேன், அதனால் நானே தொடங்கினேன்.

மேல்மாடியைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். நம் பக்கத்தில் தகப்பன் என்று இருந்தால் இரண்டு தளமாகத்தான் வீடு கட்டுவான், கீழே தனக்கு, மேலே பிள்ளைக்கு. பிள்ளைக்கு வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கட்டினேன். தார்யா அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். மேலே தனிச் சமையலறை, தனிக் குளியலறை, திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு பால்கனி. இத்தனை வருடமாக அங்கே குடியிருந்தவை வெங்காயம், வால்நட், என் மனைவி திள்காவின் தையல் இயந்திரம். பக்கத்து வீட்டு கிசேலா வேலி ஓரமாக நின்று, "மேல யாரு லூத்விக், இன்னும் அதே சிலந்திதானா, இல்ல குடும்பம் பெருத்துப்போச்சா?" என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்காமல் விட்டதில்லை.

முதலில் சென்ற வருடத்து மார்ட்டின் பண்டிகை. தங்களுக்குத் தெரியாததல்ல, அன்று திராட்சைச் சாறு ஒயினாகிறது, வாத்து அடுப்பில் வேகிறது, சிவப்பு முட்டைக்கோஸும் வாத்துக் கொழுப்பில் ஊறிய அப்பத் துண்டுகளும் மேசைக்கு வருகின்றன. வேட் தட்டையும் கோப்பையையும் நீட்டி "எ லிட்டில்" என்றான். அந்த அளவு ஆங்கிலம் அப்போதே எனக்குத் தெரியும், நம் 'மாலோ'தான் அது, கொஞ்சம். நம் மேசையில் ஒருவர் கொஞ்சம் என்றால் என்ன பொருள் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்று என்று பொருள். நிரப்பினேன். அவன் திகைத்து, "கொஞ்சம்னுதானே சொன்னேன்" என்றான். தார்யா அதை மொழிபெயர்த்ததும் கிசேலா சிரித்துவிட்டு, "கொஞ்சம்னு சொல்றவனுக்குத்தான் இன்னொரு கரண்டி போடணும். வெட்கப்படாம சாப்பிடு தம்பி" என்றாள். அவன் வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பது அவமரியாதையாம், அப்படி வளர்த்திருக்கிறார்கள். ஆகவே அவன் ஒவ்வொரு முறையும் காலி செய்தான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் என்றான், ஒவ்வொரு முறையும் நாங்கள் நிரப்பினோம், யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் பிஷப் வேடம் போட்டு நிலவறையில் ஒயினுக்கு ஞானஸ்நானம் செய்துவைத்தபோது வேட் பீப்பாய்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்தே தீர்த்தம் தெளித்தார்கள். மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் என்னிடம் வந்து, "லூத்விக், நான் கொஞ்சம்னு சொன்னா கொஞ்சம்தான்" என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து முதுகில் தட்டினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பிப்ரவரி இதழ் வந்தது. மனதாரச் சொல்கிறேன், அப்படி ஒரு பாடத்தை நான் படித்ததில்லை. நமக்குக் கொஞ்சத்துக்கு மாலோ என்று ஒரு சொல், அதைவிடக் குறைவுக்கு மான்ய் என்று ஒரு சொல், சர்க்கரையானாலும் கோழியானாலும் அதுவே போதும். அவர்களுக்கோ எண்ணக்கூடியதற்கு ஒரு குறைவு, எண்ண முடியாததற்கு வேறொரு குறைவு. லேசாக என்பதற்கு ஒன்று, இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு என்பதற்கு ஒன்று, எல்லாவற்றிலும் குறைந்தது என்பதற்கு ஒன்று. நரி வந்து போன மறுநாள் கோழிக்கூட்டில் நின்று, கோழிகள் குறைவு, சத்தம் குறைவு என்று இரண்டு குறைவையும் மாறாமல் சொல்லிப் பார்த்தேன். சொற்களை எழுதிச் சர்க்கரை டப்பாவில் ஒரு சீட்டு, பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் தோட்டக் குழாயில் ஒரு சீட்டு. ஈஸ்டர் வருவதற்குள் பாடம் முழுவதும் நாக்கில் இருந்தது. எனக்கு இந்த மொழி இயல்பாகவே பிடித்துப்போனது என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதன் கௌரவமாக வாழ்வதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தன.

ஈஸ்டருக்கு முந்தைய வாரமே மேல்மாடிக்கு வெள்ளையடித்துவிட்டேன். வெங்காயத்தை இறக்கினேன். தையல் இயந்திரம் இருந்த மூலையில் குழந்தைக் கட்டில் நிற்குமா என்று அளந்தேன், நிற்கும். மகளும் மருமகனும் குடிவர நினைக்கிறார்கள் என்று கிசேலாவுக்குத் தார்யா வாயிலிருந்து கசிந்திருந்தது, கிசேலா வாயிலிருந்து எனக்கு. நான் ஒன்றும் தெரியாதவன்போல் இருந்தேன். அதுதானே முறை.

ஞாயிறன்று பன்றித்தொடை, குதிரைமுள்ளங்கி, சாயமிட்ட முட்டை, வால்நட் ரொட்டி எல்லாம் சாப்பிட்டு முடித்ததும், கோழி பார்க்க வேண்டும் என்று அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு தார்யா வெளியே போனாள். வேட் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில், நிதானமாக, எனக்குப் புரியும்படி கேட்டான்.

"லூத்விக், நாங்க மேல்மாடிக்கு வந்து இருக்கலாம்னு பாக்குறோம். உங்களுக்கு அது வேணுமா?"

"எனக்கு வேண்டியது ரொம்பக் குறைவு" என்றேன்.

"தனியா இருக்கிறது கஷ்டமா இல்லையா?"

"லேசா. இல்லவே இல்லைன்னு சொல்ற அளவுக்கு."

"வீட்டுல கூடமாட உதவிக்கு ஆள் இருந்தா நல்லதுதானே?"

"இந்தச் சரிவிலயே குறைஞ்ச உதவி தேவைப்படுற ஆள் நான்தான்."

"சாலா மேல ஓடியாடுவா. சத்தமா இருக்கும்."

"சத்தம் குறைவா இருந்தா கொஞ்சம் நல்லது" என்றேன். பாடத்தின் முக்கால் பங்கை ஒரே மூச்சில் பிழையில்லாமல் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு. பிழை ஒன்றுகூட இல்லை என்று தார்யாவே பின்னால் ஒப்புக்கொண்டாள்.

இனி அவன் செய்ய வேண்டியது என்ன? நம்மிடம் ஒரு பச்சைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மறுபடி கேட்க வேண்டும். முதல் முறை கேட்டால் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் முறை கேட்டால் குரலைத் தாழ்த்தி வேண்டாம் என்பது வழக்கம். மூன்றாம் முறை, ஒரு பெருமூச்சு விட்டு, நீங்கள் இவ்வளவு சொல்வதால் சரி என்று ஒத்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணம் சூப்புக்கே இத்தனை சடங்கு இருக்கும்போது ஒரு மேல்மாடிக்கு இல்லாமல் போகுமா? அவன் நான்கு கேள்வி கேட்டானே என்று தாங்கள் சொல்லலாம். தார்யாவும் சொன்னாள். நான்கும் வெவ்வேறு கேள்விகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அது கணக்கில் வராது.

நான் பெருமூச்சைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேட் என் தோளில் கை வைத்து, "நேரா சொன்னதுக்கு நன்றி லூத்விக். நீங்க மனசு நோகக்கூடாதுன்னு சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றான். சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். கழுவிக்கொண்டே, பெயிண்ட் வாசனை வருகிறதே என்று கேட்டான். கொஞ்சம் என்றேன். அதையும் நம்பினான்.

அன்று மாலையே மரிபோரிலிருந்து தார்யா தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, நெஜமாவே நீங்க அப்படியா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அவரு உங்க வார்த்தையை அப்படியே எடுத்துப்பாருன்னு தெரியாதா? விளையாட்டா சொன்னேன்னு இப்ப சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

"ரயில் போனப்புறம் சிக்னலை மாத்துற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, வந்துவிட்டது. என் மனதில் இருப்பதைத்தான் இரண்டு தளமாகக் கான்கிரீட்டில் எழுதி முப்பது வருடமாகத் தெருவைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திள்கா இருந்தால் இது நடந்திருக்காது. நான் கொஞ்சம் என்று சொல்லும்போதெல்லாம் அவள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்துவிட்டு, "அவருக்கு உயிருங்க, சொல்ல மாட்டாரு" என்று எதிரில் இருப்பவர்களிடம் பெருக்கிச் சொல்லிவிடுவாள். இருபது வயதில் அவளைப் பெண் கேட்கப் போனபோது, பெண் பிடித்திருக்கிறதா என்று அவள் அப்பா கேட்டார். மோசமில்லை என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவள்தான், "சரின்னு சொல்றாருப்பா" என்று குரல் கொடுத்தாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் சொன்னது சொன்ன அளவிலேயே நிற்கிறது.

அடுத்தது ஜூலையில் ஏணி. இதற்கும் தங்கள் பாடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதனால் எழுதுகிறேன். ஆப்பிள் பறிக்கப் போய் விழுந்தேன். தார்யா வகுப்பில் இருப்பாள் என்று, பள்ளி விடுமுறை என்பதை மறந்து, வேட்டுக்குக் கைப்பேசியில் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினேன். 'ஏணியிலிருந்து லேசாக விழுந்தேன். வலி மிகக் குறைவு. மூச்சு விடும்போது மட்டும் சற்றே.' பதிலுக்கு அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். லேசாக விழுந்ததற்கு அவனுக்கு மகிழ்ச்சியாம். நான் மரத்தடியிலேயே கிடந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிசேலா வேலி வழியாகப் பார்த்து, "என்ன, நிழல் நல்லா இருக்கா?" என்றாள். கொஞ்சம் என்றேன். அவள் நம் ஊர்க்காரி, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இரண்டு விலா எலும்பு.

மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் தார்யா அழுத முகத்தோடு நின்றாள். வேட் அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய உருவத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "குறைவுன்னு எழுதியிருந்தீங்களே லூத்விக். நான் நம்பிட்டேனே" என்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் எலும்பு உடைந்தவன் நான், ஆறுதல் சொல்ல வேண்டியவனும் நானா என்ற எண்ணமும் வந்தது. "இப்பவும் குறைவுதான்" என்றேன். தார்யா, "உங்க கொஞ்சத்தை நான் எதைவெச்சு அளக்குறதுப்பா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஆகஸ்டில் ஒக்லஹோமாவிலிருந்து வேட்டின் அப்பா மகனைத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாகிறதாம். வருகிறீர்களா என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டாராம், வேட்டின் அம்மா பின்னாலிருந்து, "வாங்க, வாங்க, எங்களுக்கு ரொம்ப ரொம்ப வேணும்" என்று சத்தம் போட்டாராம். எவ்வளவு பண்பில்லாத பேச்சு. ஆனால் வேலை செய்கிறது.

போன சனிக்கிழமை, அனைத்துப் புனிதர் நாளன்று, திள்காவின் கல்லறையில் செவ்வந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். வேட் குழந்தையோடு சற்றுத் தள்ளி நின்றான். தார்யா திரியைப் பார்த்துக்கொண்டே, "ஜனவரில போறோம்னு நெனைக்கிறேன்ப்பா. மார்ட்டினுக்கு முன்னாடி டிக்கெட் போடணும்" என்றாள்.

"அங்க குளிர் குறைவாம்" என்றேன்.

அடுத்த கல்லறையில் புருஷனுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த கிசேலா நிமிர்ந்து, கல்லுக்குள் இருக்கும் திள்காவிடம், "எழுந்து வந்து ஒரு மிதி மிதிச்சிட்டுப் போடி" என்றாள். தார்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் திரியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். பேராசிரியை ஹ்லாத்னிக் கையெழுத்துடன் அடுத்த இதழில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள்: 'பிப்ரவரிப் பாடத்தில் உள்ள சொற்களைச் சொந்தக்காரர்களிடம் பயன்படுத்துவோர் கவனிக்க. அந்த நாட்டுக்காரர்கள் இவற்றை நம்புகிறார்கள்.' இவ்வளவே. நான் வேலை பார்த்த நாளில் ஒரு புதுப் பையன் கையில் விளக்கைக் கொடுத்தால், இதைக் காட்டினால் வண்டி நின்றுவிடும் என்று சொல்லித்தான் கொடுப்போம். சொல்லாமல் கொடுத்துவிட்டு, விளக்கில் பழுதில்லை என்று சொல்வது நியாயமாகாது. என் மருமகன்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஒரு மனிதனிடம் இன்னும் இரண்டு முறை கேட்பதற்கு என்ன கேடு என்று. ஆனால் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய இடத்தில் தங்கள் இதழ் இருந்தது.

திருத்தம் வராவிட்டால் புத்தாண்டு முதல் என் சந்தாவை நிறுத்திவிடுங்கள். மேல்மாடியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். வெங்காயத்தை மறுபடி ஏற்றிவிடுவேன். வெள்ளையடித்த இடத்தில் வெங்காயம் கெடாமல் இருக்கும். எனக்கு இதில் வருத்தம் மிகக் குறைவு.

பேராசிரியை அவர்களுக்கு என் வணக்கங்கள். அவர் வீட்டில் ஒயின் தெளிந்து வரட்டும், மூட்டுகள் வலிக்காதிருக்கட்டும், பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். தங்களுக்கும் அப்படியே.

என்றும் மரியாதையுள்ள,
லூத்விக் கோசி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, தபால்தலை இல்லாததால் வைத்திருந்தேன். சற்று முன் தார்யா அழைத்தாள். டிக்கெட் போடும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்றாள். நம் மொழியில்தான் பேசினாள். "நாங்க போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாப்பா?" என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். அவள் வைத்துவிடவில்லை. மறுபடி கேட்டாள், அதே கேள்வி, அதே சொற்கள். குரலைத் தாழ்த்திக் கொஞ்சம் என்றேன். குழந்தை பின்னால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டாள். முறைப்படி, ஒன்றும் குறையாமல், நான் கற்பித்தபடியே கேட்டாள். பெருமூச்சுகூட வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. கொஞ்சம்தான் என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே இந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திருத்தம் வேண்டாம், சந்தாவை நிறுத்த வேண்டாம், பேராசிரியை அவர்களிடம் இதைக் காட்டவும் வேண்டாம். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பெரிய அளவுகளைச் சொல்வதற்கு ஒரு பாடம் இருந்தால் அடுத்த தபாலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம். நம் மொழியில் போதும்.